இன்ஜின் நிற்கும்வரை பேய்க்கு வேலை இல்லை

ராமேஸ்வரத்தில் இருந்து கிளம்பும் ஒரு விசைப்படகு, அதில் ஐந்து பேர், இரவு நடுக்கடலில் ஓர் அமானுஷ்யம் என்று திரைக்கதை எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, “மீனவர்கள் கடலில் நிஜமாகவே பேய் பார்த்திருக்கிறார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பேய் உண்டா இல்லையா என்பது உங்களுக்கு வேண்டிய பதில் இல்லை என்றே தோன்றுகிறது. படம் வெளியாகி, ஒரு படகு டிரைவர் தன் பிள்ளைகளோடு டிக்கெட் எடுத்து உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் அவர் சிரித்துவிடக் கூடாது. அதற்கு என்ன வழி என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் பாம்பன் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். இளவயதில் அப்பாவோடும் சித்தப்பாவோடும் விசைப்படகில் போனேன். அப்புறம் ஒலிப்பதிவு கற்று, பல ஆண்டுகளாகப் படப்பிடிப்புத் தளங்களில் நேரடி ஒலி எடுக்கும் வேலை. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் குமரி மாவட்டப் படகுகளில் நான் போனதில்லை. அதனால் இங்கே சொல்வதெல்லாம் பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் மட்டும்தான்.

என்னிடம் வந்து சேரும் கடல் பேய்க்கதைகளில் ஒரு காட்சி தவறாமல் இருக்கும். இரவு, மேல்தளம், தனியாக நிற்பவனின் காதருகே ஒரு மெல்லிய குரல். விசைப்படகில் ஒரு தடவை போய் வந்தவர் இதை எழுத மாட்டார். மடியை, அதாவது இழுவை வலையை, இறக்கிவிட்டால் இழுவை முடியும்வரை இன்ஜின் நிற்காது. காலுக்கடியில் ஓடும் டீசல் இன்ஜின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். பாதிப் பேச்சு கைச்சாடையில் முடிந்துவிடும். பேய் கிசுகிசுத்தால் யாருக்கும் கேட்காது. தனியாக நிற்பதும் அவ்வளவு சுலபம் இல்லை. ஐம்பதடி சொச்சம் நீளத்துக்குள் ஐந்தாறு பேர், வலை, கயிறு, கயிற்றைச் சுற்றி இழுக்கும் விஞ்ச், ஐஸ், மீன் கூடைகள். கழிப்பறை கிடையாது. ஒளிந்துகொள்ள ஓர் அறை கிடையாது. கப்பலில் நடக்கும் பேய்ப்படங்களுக்கு நீண்ட நடைபாதையும் மூடிய கதவும் கைகொடுக்கும். நம் படகில் அதற்கெல்லாம் இடமே இல்லை.

எனவே முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். அதற்குக் கற்பனையான காரணம் எதுவும் தேவையில்லை. கடலில் யாரோ விட்டுப்போன பழைய வலையோ கயிறோ படகைத் தள்ளும் அடி விசிறியில் சுற்றிக்கொள்வது அடிக்கடி நடப்பதுதான். சுற்றினால் ஒருவர் கத்தியோடு தண்ணீரில் இறங்கி, படகுக்கு அடியில் போய் அறுத்து எடுத்தாக வேண்டும். ராத்திரி, அலையில் ஏறி இறங்கும் படகின் பின்முனையான அமரத்துக்குக் கீழே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் வலையை அறுப்பவனைக் காட்டுவதற்குப் பேயே வேண்டாம். அறுத்து மேலே கொண்டுவந்த வலை யாருடையது என்று அடையாளம் தெரிந்தால் உங்கள் கதை அங்கேயே தொடங்கிவிடும். சொந்த ஊர்க்காரர் கட்டிய வலையை, அவர் போட்ட முடிச்சை வைத்தே பழகிய கண் கண்டுபிடித்துவிடும்.

இன்ஜின் நின்றதும் வரும் மௌனம் உண்மையில் மௌனம் கிடையாது. மணிக்கணக்காக இரைச்சலில் இருந்த காதுக்குள் முதலில் ஒரு ரீங்காரம்தான் கேட்கும். இது உடலில் நடப்பது, ஐயத்துக்கு இடமில்லாதது. அந்த ரீங்காரம் தணியத் தணிய ஒவ்வொரு சத்தமாக மேலே வரும். ஓட்டம் நின்ற படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பி உருளத் தொடங்கும். பலகை முனகும், கிடங்கில் ஐஸ் சரியும். மன்னார் வளைகுடாப் பக்கம் பவளப்பாறைக்கு மேலே நின்றால் அடியில் இருந்து, சட்டியில் கடுகு பொரிவது போல ஓயாமல் ஒரு சடசடப்பு கேட்கும். ஒரு வகை இறால் தன் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது. கத்தாளை இன மீன்கள் காற்றுப்பையை அதிரவைத்து உறுமும். கூட்டம் பெரிதாக இருந்தால் அடிமரம் வழியாகப் படுத்திருப்பவரின் காதுக்கே வந்துவிடும். இன்னொன்று ஆவுளியா என்ற கடற்பசு. பாலூட்டி என்பதால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். இருட்டில், ஆளே இல்லாத தண்ணீரில் இருந்து அந்த மூச்சு வரும்போது, விஷயம் தெரிந்தவருக்கும் முதுகு சிலிர்க்கும். பாக் விரிகுடாவில் இந்த விலங்குக்காகவே 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழ்நாடு அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. அது தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைப்பக்கம். ஆனால் ஆவுளியா நம் ஊர்க் கடலுக்கும் புதிதல்ல. இந்தச் சத்தங்களை உள்ளபடியே வைத்தால் போதும். வயலினையும் வீறிடலையும் கடைசி இருபது நிமிடத்துக்கு மிச்சம் வையுங்கள்.

கண்ணுக்கு வருகிறேன். “கடலில் வெளிச்சம் பார்த்தேன், அது எங்களோடு கூடவே வந்தது” என்று சொல்லாத மீனவக் குடும்பம் இருக்காது. அவர்கள் பொய் சொல்லவில்லை. கண் கடல்மட்டத்தில் இருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதை ஒட்டி இருக்கும் ஒரு படகின் விளக்கு அலைக்கு அலை மறைந்து மறைந்து தெரியும். சுற்றிலும் இருட்டாக இருந்து ஒரே ஒரு புள்ளி வெளிச்சம் மட்டும் இருந்தால், அது அசையாமல் நின்றாலும் நகர்வதாகவே மூளை காட்டும் என்பதும் சோதனைகளில் நிறுவப்பட்ட விஷயம். கூடவே, படகில் எரியும் எல்இடி விளக்குகளைப் பார்த்த கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் பிடிக்கும். அதுவரை படகின் விளிம்புக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஒளிப்பதிவாளர்கள் கடலை நிலவொளியில் நீலமாகக் காட்ட ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். விளக்கு வட்டம், அதற்கு வெளியே வெறும் கறுப்பு. படகில் இருப்பவருக்குத் தெரிவது அவ்வளவுதான்.

அந்தக் கறுப்பில் கடலே ஒளிர்வதும் உண்டு. நாக்டிலூக்கா என்ற ஒற்றைச்செல் உயிரி பெருகினால், தண்ணீர் அசையும் இடமெல்லாம் நீலமாக மினுங்கும். பகலில் அதே கடல் பச்சையாகக் கிடக்கும். நம் பக்கம் பூங்கோரை என்பார்கள். அளவு மீறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கும். 2019இல் மன்னார் வளைகுடாவில் அப்படி நடந்தது. மேலே சொன்ன வலை அறுக்கும் காட்சியை இந்தத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். இறங்கியவனின் ஒவ்வோர் அசைவும் ஒளிக்கோடாகத் தெரியும். மேலே இருப்பவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். அதன் பக்கத்தில் இன்னொரு ஆளின் கோடு. இதற்கு கிராபிக்ஸ் செலவும் குறைவு.

மனம் தடுமாறுவதைப் பற்றி நிச்சயமானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தூக்கமின்மையும் களைப்பும் சேர்ந்தால், அங்கே இல்லாத ஓர் ஆள் கண்ணுக்குத் தெரிவார் என்பது நிச்சயம். 1895இல் தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றக் கிளம்பிய ஜோஷுவா ஸ்லோகம், அசோர்ஸ் தீவுகளைத் தாண்டியதும் வயிற்று வலியில் நினைவு தப்பி விழுந்தார். கண் திறந்தபோது யாரோ ஒருவர் சுக்கான் பிடித்து நிற்பதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். தான் கொலம்பஸின் பிண்டா கப்பல்காரன் என்று அந்த ஆள் சொன்னாராம். விடிந்து பார்த்தால் படகு சரியான திசையிலேயே போயிருந்தது. இதே போல, புகைக் குழாய் கசிந்து கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் சேர்ந்தால் தலைவலி, குழப்பம், இல்லாத சத்தம் எல்லாம் வரும். 1921இல் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், பேய் நடமாடுவதாக நம்பிய ஒரு குடும்பத்தின் வீட்டில் பழுதான கணப்பு அடுப்புதான் காரணம் என்று பதிவு செய்தார். மீன் அழுகிய கிடங்கில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசம்; இறங்கியவர் மயங்க, தூக்கப் போனவரும் மயங்க, அடுத்தடுத்து உயிர் போயிருக்கிறது. அடர்த்தி கூடினால் அந்த வாயு மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். ஆனால் அது உருவங்களைக் காட்டும் என்று எழுதினால் அது உங்கள் கற்பனை, மருத்துவம் சொல்வது கிடையாது. கிடங்கில் இருந்து ஒருவர் பின் ஒருவராக மேலே வராமல் போவதைக் காட்டுங்கள், காரணத்தைச் சொல்லாதீர்கள். பார்க்கும் டிரைவர் ‘வாயு’ என்பார், அவர் மனைவி ‘பேய்’ என்பார். படத்துக்கு இரண்டுமே நல்லது.

இப்போது, எந்தப் பேய்? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. இந்தக் கரைக்கு வரும் சினிமாக்காரர்கள் நேராகத் தனுஷ்கோடிக்குப் போய் இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்றுவிடுகிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் அந்த ஊரை அழித்தது, பாம்பனில் இருந்து போன பயணிகள் ரயிலை உள்ளிருந்தவர்களோடு அலை கொண்டுபோனது. கதைக்கு இதைவிடப் பெரிய சோகம் வேண்டாம்தான். ஆனால் அதில் பெற்றோரை இழந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அந்த ரயிலை வெள்ளை உருவங்களாகக் கடலில் ஓடவிட்டால் ராமேஸ்வரத்தில் யாரும் பயப்பட மாட்டார்கள், கோபப்படுவார்கள். ஏர்வாடியையும் தொடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். பேய் ஓட்டும் காட்சிக்கு அந்த ஊரைப் பின்னணியாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தக் கரையின் அச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் ராமேஸ்வரம் கோயிலுக்கு எதிரே உள்ள கடலான அக்னி தீர்த்தத்தைக் காட்டுவேன். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் நாடெங்கும் இருந்து வந்து முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கிறார்கள், அஸ்தி கரைக்கிறார்கள். செத்தவர்களைக் கணக்கு முடித்து அனுப்பிவைக்கும் கடல் இது. அதே கடலில் மீன்பிடிக்கப் போய் உடல் கிடைக்காமல் போனவருக்கு அந்தக் கணக்கு முடிவதில்லை. எதை வைத்துச் சடங்கு செய்வது? வீட்டில் இருப்பவள் பூ வைப்பதா எடுப்பதா? சட்டமும் உடனே கைகொடுக்காது. ஏழு ஆண்டு தகவலே இல்லாமல் இருந்தால்தான் ஒருவர் இறந்ததாக ஊகிக்கலாம். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. சுனாமி போன்ற பேரிடரில் அரசு தனி உத்தரவு போட்டு வழி செய்யும். ஒரே ஒரு ஆள் தவறி விழுந்து காணாமல் போனால் குடும்பம் அலைந்து தீர வேண்டும். கடன் கொடுத்தவர் முதல் ரேஷன் கடை வரை எல்லோருக்கும் அவர் உயிரோடு இருப்பவர்தான்.

உங்கள் ஆறாவது ஆளை அங்கிருந்து கொண்டுவாருங்கள். மீன்வளத்துறை டோக்கன் வாங்கித்தான் விசைப்படகு கடலுக்குள் போகும். போனது ஐந்து பேர். சோறு ஐந்து பேருக்குப் போட்டும் ஒருவருக்குத் தட்டு இல்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எங்கேயோ விழுந்திருக்கும் என்று சட்டி மூடியில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். விஞ்ச் சுற்றும்போது கயிற்றின் அந்த முனையில் ஒரு கை இருக்கிறது, இன்ஜின் சத்தத்தில் யார் என்று கேட்கவும் முடியாது. அந்த ஆறாவது ஆள் காணாமல் போய் ஏழாவது ஆண்டு முடிய ஒரு நாள் பாக்கி. கரையில் அவர் மனைவி மறுநாள் நீதிமன்றம் போக வேண்டும். படகில் இருக்கும் ஐந்து பேரில் ஒருவருக்கு அன்றைக்கு நடந்தது தெரியும். இது என் கதை என்று உரிமை கொண்டாட வரமாட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வருவது, அந்தப் பேய்க்குக் கோரமான முகம் தேவையில்லை, அவர் வேலை செய்துகொண்டிருந்தால் போதும்.

மந்திரம், கட்டு என்று போக ஆசையாக இருந்தால் அதற்கும் இந்தக் கடலில் பழைய ஆதாரம் உண்டு. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சுறாவின் வாயைக் கட்ட ஆள் வைத்திருந்தார்கள். கடல்கட்டி என்று பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, இப்படிக் கட்டுபவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்று குறித்திருக்கிறார். அதைவிட முக்கியமானது அவர் சொல்லும் அடுத்த செய்தி: கட்டு பகலுக்கு மட்டும்தான், இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். ராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாகக் குளித்து முத்தெடுக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது என்பது என் ஊகம். பிரிட்டிஷ் காலத்திலும் இவர்களுக்கு அரசுச் சம்பளம் இருந்தது. ஆனால் இது முத்துக்குளிப்போடு சேர்ந்து முடிந்துபோன வழக்கம். கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் வைத்திருக்கும் இன்றைய விசைப்படகில் ஒரு கடல்கட்டியை ஏற்றினால் ஒட்டாது. நூறு ஆண்டு பின்னோக்கிப் போய் எடுப்பதாக இருந்தால் மட்டும் தொடுங்கள்.

மற்ற விவரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் போகும். காலையில் போனால் மறுநாள் காலை கரை. எனவே கதை ஒரே இரவில் முடிய வேண்டும், அது உங்களுக்கு லாபம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த மாதங்களில் கதையை வைக்காதீர்கள். பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்குள் ஆழம்தான், ‘அடி காணாத ஆழம்’ என்று யாராவது வசனம் பேசினால் நம் டிரைவர் எழுந்து போய்விடுவார். தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அந்தப் பக்கம் போனால் போனில் இலங்கை நெட்வொர்க் வந்து வரவேற்புச் செய்தி போடும். சிக்னலே இல்லை என்று காட்டுவதைவிட இது நல்ல காட்சி. தூரத்தில் ஒரு வெளிச்சம் நெருங்கி வந்தால் இந்த ஆட்கள் முதலில் நினைப்பது பேயை அல்ல, இலங்கைக் கடற்படையை. அந்தப் பயத்தில் விளக்கை அணைத்து இன்ஜினையும் நிறுத்துவதாக எழுதினால் நான் கேட்ட மௌனமும் இருட்டும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். ராமர் பாலத்து மணல் திட்டுகளையும் மறக்காதீர்கள். 2022க்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்த அகதிகளைப் படகுக்காரர்கள் இந்தத் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போய்விட, கடலோரக் காவல்படை வந்து மீட்ட நிகழ்வுகள் பல. நாலு பக்கமும் கடல், நடுவில் ஒரு மணல் மேடு, அதில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நிற்கிறாள். படகில் இருப்பவர்கள் அவளை மனிதர் என்று நினைப்பார்களா, வேறு எதுவோ என்று நினைப்பார்களா என்பதில் ஒரு முழுக் காட்சி இருக்கிறது.

பேச்சு விஷயத்தில் கவனம் தேவை. படகின் உரிமையாளர் சம்மாட்டி. டிரைவரை வயதுக்குத் தக்கபடி அண்ணன், மாமா, மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். ‘கேப்டன்’ என்று யாரும் அழைப்பதில்லை. ஒரே படகில் அந்தோணியார் படமும் முருகன் படமும் இருக்கலாம், முஸ்லிம் பெரியவர் ஒருவர் வலை இழுக்கலாம். பயம் வந்தால் ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு சாமி வரும். அதை நகைச்சுவையாக்காமல் எழுதினால் நன்றாக இருக்கும். சென்னை மீனவர் பேச்சை இங்கே கொண்டுவந்து வைப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

படப்பிடிப்புக்கு இந்தத் தீவு வசதியானது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது வடக்கே பாக் விரிகுடா குமுறும், தெற்கே மன்னார் வளைகுடா அடங்கிக் கிடக்கும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றான கச்சான் அடித்தால் நிலைமை தலைகீழ். எந்த மாதம் வந்தாலும் ஒரு பக்கம் வேலை செய்யலாம். குருசடை, முசல் தீவு போன்ற 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அருகே போக முடியாது, அதற்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பியுங்கள். இன்ஜின் ஓடும் காட்சிகளின் வசனத்துக்கு டப்பிங் செய்தே ஆக வேண்டும், அதில் நேரடி ஒலிக்குப் போராடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நின்ற பிறகு வரும் காட்சிகளுக்கு தண்ணீருக்கடியில் ஒலி எடுக்கும் மைக்கான ஹைட்ரோபோன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நடிகர்கள் வருவதற்கு முன்பே இரண்டு கடலிலும் தனித்தனியாக இரவு ஒலிகளைப் பதிவு செய்துகொள்ளுங்கள். விசிறிக்கு அடியில் இறங்கும் காட்சியில் இன்ஜின் சாவி உங்கள் உதவி இயக்குநர் பையில் இருக்கட்டும். வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்.